அடுத்த ஜெனரேஷன் வரட்டும் என்று லேப்டாப்புக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி கேட்டவர் திருச்சியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். பகலில் எக்செல், ஜூம். இரவில் காதுகுத்து, கோயில் திருவிழா வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கும் பக்க வேலை, வாரத்துக்கு மூன்று வீடியோ. கையில் இருப்பது 2017 நடுவில் வாங்கிய லேப்டாப்: ஐ5-7200யூ ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். எழுபதாயிரம் சேர்த்து வைத்திருக்கிறார். "அண்ணா, அடுத்து வரப்போற ப்ராசஸர் 30 சதவீதம் வேகமாம். ஒரு வருஷம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்துடலாமா, இல்ல இப்பவே வாங்கிடலாமா?" என்பது கேள்வி.

இப்போதே வாங்குங்கள் தம்பி. ஆனால் காத்திருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காத்திருந்தவர் ஜெயித்ததும், காத்திருந்தவர் கெட்டதும் இரண்டுமே நடந்திருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் எங்கே என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உங்கள் மேசையில் இருக்கும் அந்த 7200யூவே அதற்கு நல்ல சாட்சி. அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் கணக்குக்காரர், முதலில் கணக்கு போட்டுவிடுவோம். உங்கள் லேப்டாப்பில் எடிட் செய்த ஒரு வீடியோவை ரெண்டர் செய்ய, அதாவது முழு ஃபைலாக வெளியே எடுக்க, நாற்பது நிமிஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்று கடையில் உங்கள் பட்ஜெட்டில் கிடைக்கும் நடுத்தர ப்ராசஸரில் அதே வேலை பத்து நிமிஷத்தில் முடியும் என்று வைப்போம். என் அனுபவத்தில் பார்த்தவரை இது கூட்டிச் சொன்ன கணக்கு இல்லை, உங்களுடையதில் இருப்பது வெறும் இரண்டு கோர், அதாவது ப்ராசஸருக்குள் வேலை செய்யும் இரண்டே பகுதி. வீடியோவுக்கு முப்பது நிமிஷம் மிச்சம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், வருஷத்துக்கு 78 மணி நேரம். காத்திருந்தால் இந்த 78 மணி நேரம் போச்சு. சரி, காத்திருந்து 30 சதவீதம் வேகமானதை வாங்கிவிட்டீர்கள். பத்து நிமிஷ வேலை ஏழே முக்கால் நிமிஷமாகும். வாரத்துக்கு மூன்று வீடியோ என்றால் மொத்த லாபம் ஏழு நிமிஷத்துக்கும் கொஞ்சம் குறைவு. விட்ட 78 மணி நேரத்தை வாரம் ஏழு நிமிஷமாகச் சேர்த்துப் பிடிக்கப் பதின்மூன்று வருஷம் பிடிக்கும். அதுவரை எந்த லேப்டாப்பின் மூடிக் கீலும் தாங்காது.

காத்திருப்பவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இதுதான். வரப்போகிற ப்ராசஸரை இப்போது விற்கிற ப்ராசஸரோடு ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியது தன் மேசையில் முக்கி முனகிக்கொண்டிருப்பதோடு. ஒன்பது வருஷத்துக்குப் பக்கத்தில் போன லேப்டாப் வைத்திருப்பவருக்கு, இந்த வருஷத்து மாடலும் அடுத்த வருஷத்து மாடலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சரி, 7200யூ கதைக்கு வருகிறேன். 2017இல் என் தங்கை மகனுக்குக் காலேஜ் சீட் கிடைத்தது. "மாமா, லேப்டாப் எது வாங்கலாம்?" என்று ஜூலையில் வந்து நின்றான். நானும் பெரிய ஆள் மாதிரி, "ஜெனரேஷன் ஜெனரேஷனுக்கு ஒண்ணும் பெரிசா மாறாதுடா, வாங்கிடு" என்று சொல்லி, இதே ஏழாம் தலைமுறை ஐ5 வாங்கிக் கொடுத்தேன். சொன்னதில் அதுவரை தப்பில்லை. ஆறாம் தலைமுறை ஐ5-6200யூ உச்ச வேகம் 2.8 கிகாஹெர்ட்ஸ், ஏழாம் தலைமுறை 7200யூ 3.1. இரண்டிலும் இரண்டே கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை). வருஷா வருஷம் இன்டெல் செய்துகொண்டிருந்தது அந்த அளவு மாற்றம்தான். சிப்பை எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்குகிறார்கள் என்பதை நானோமீட்டரில் சொல்வார்கள், எண் குறைந்தால் நுணுக்கம் கூடும். 14 நானோமீட்டர் தொழில்நுட்பத்திலேயே உட்கார்ந்துவிட்டு, 10 நானோமீட்டர் நாளைக்கு வரும், நாளைக்கு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த ஆகஸ்ட் 21ஆம் தேதி எட்டாம் தலைமுறை அறிவிப்பு வந்தது. அதே 15 வாட், அதே 14 நானோமீட்டர், ஆனால் ஐ5-8250யூவில் நான்கு கோர், எட்டு த்ரெட். கோர் எண்ணிக்கை ஒரே பாய்ச்சலில் இரட்டிப்பு. பையன் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஹாஸ்டல் நண்பன் ஒருவன் நவம்பரில் எட்டாம் தலைமுறை வாங்கியதை மட்டும் போனில் சொன்னான், சும்மா சொல்வது மாதிரி.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. 2021 ஜூனில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 11ஐ அறிவித்தபோது, எந்த ப்ராசஸருக்கெல்லாம் கிடைக்கும் என்று ஒரு பட்டியல் போட்டது. ஏழாம் தலைமுறையில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில மாடல்களைத் தவிர, கோடு எட்டாம் தலைமுறையில் விழுந்தது. நான்கு மாதம் முன்னே பின்னே வாங்கிய இரண்டு பையன்கள். ஒருவன் லேப்டாப் உள்ளே, இன்னொருவன் லேப்டாப் வெளியே. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட்டுக்கு மட்டும் ஒரு வருஷ நீட்டிப்பு கொடுத்தார்கள். நீங்களும் கோட்டுக்கு வெளியே நிற்பவர்தான். சும்மா வேகக் குறைவு மட்டும் உங்கள் பிரச்சினை இல்லை என்பதை இதற்காகவும் சொல்கிறேன். கம்பெனிக் கணக்கு, ஜிஎஸ்டி பாஸ்வேர்டு எல்லாம் வைத்திருக்கும் மெஷினைப் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் நெட்டில் விடக்கூடாது.

ஆக, வேகம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒரு ப்ராசஸர் எந்தக் காலம் வரை மென்பொருள்காரர்களின் பட்டியலில் இருக்கும் என்பது. பத்து சதவீதம், இருபது சதவீத வேகத்துக்காகக் காத்திருப்பது வீண். பட்டியல் மாறப் போகிறது என்று தெரிந்தால் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. ஆப்பிள் லேப்டாப்களின் வரலாற்றில் இந்தக் காத்திருப்பு மூன்று முறை நடந்திருப்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மேக் (ஆப்பிள் கணினி) வாங்கச் சொல்லவில்லை, எழுபதாயிரத்தை வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம்.

2003 ஜூனில் ஆப்பிள் பவர் மேக் ஜி5 என்ற மேசைக் கணினியைக் கொண்டுவந்தது. ஐபிஎம் செய்த ப்ராசஸர். மேடையில் நின்ற ஸ்டீவ் ஜாப்ஸ், பன்னிரண்டு மாதத்தில் இது 3 கிகாஹெர்ட்ஸ் தொடும் என்று சொல்லிவிட்டார். அப்போது ஆப்பிளின் லேப்டாப்பான பவர்புக்கில் ஓடிக்கொண்டிருந்தது பழைய ஜி4. மேசைக்கு ஜி5 வந்துவிட்டது, மடிக்கு எப்போது என்று உலகமே காத்திருக்க ஆரம்பித்தது. ஆப்பிள் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமைகளில் புதுப் பொருள்களை அறிவிக்கும் என்பதால், "அடுத்த செவ்வாய் பவர்புக் ஜி5" என்பது மேக்காரர்கள் நடுவே ஓயாத கேலியாகிவிட்டது. இந்தச் செவ்வாய் போனால் அடுத்த செவ்வாய்.

வரவே இல்லை. காரணம் ரொம்ப எளிது: சூடு. அந்த மேசை ஜி5 பெட்டிக்குள் ஒன்பது ஃபேன் இருந்தன. 2004இல் 2.5 கிகாஹெர்ட்ஸ் மாடலுக்கு ஃபேன் போதாமல், கார் ரேடியேட்டர் மாதிரி திரவத்தை ஓடவிட்டுக் குளிர்விக்க வேண்டியிருந்தது. ஒன்பது ஃபேன் கேட்கும் அடுப்பை ஒரு அங்குலத் தடிமன் பெட்டிக்குள் எப்படி வைப்பது? 3 கிகாஹெர்ட்ஸும் வரவில்லை. 2005 ஜூன் 6ஆம் தேதி ஜாப்ஸ் மறுபடி மேடையேறி, ஐபிஎம்மை விட்டு இன்டெலுக்குப் போகிறோம் என்றார். ஒரு வாட் மின்சாரத்துக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். இரண்டு வருஷம் ஜி5க்காகக் காத்திருந்தவர்கள், பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்தவர்கள் ஆனார்கள்.

அடுத்த வருஷம் கதை திரும்பியது. 2006 ஜனவரி 10இல் முதல் மேக்புக் ப்ரோ அறிவிப்பு, உள்ளே இன்டெல் கோர் டுவோ. (பிப்ரவரியில் பெட்டி வந்து சேர்ந்தபோது, சொன்னதைவிட ஒரு படி வேகமான ப்ராசஸரை அதே விலைக்குப் போட்டுக் கொடுத்தார்கள். முன்பதிவு செய்தவனுக்கு இனாம் கிடைத்த அபூர்வ சம்பவம்.) ஜூலை கடைசியில் இன்டெல் அடுத்த ப்ராசஸரான கோர் 2 டுவோவை வெளியிட்டது. மற்ற கம்பெனி லேப்டாப்களில் அது வந்துவிட்டது, ஆப்பிள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஆகஸ்ட் போச்சு, செப்டம்பர் போச்சு. வாங்க இருந்தவர்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்கள். அக்டோபர் 24ஆம் தேதி வந்தது.

பெயரைப் பார்த்தால் நடுவில் ஒரு "2" மட்டும் கூட. ஆனால் கோர் டுவோ ஒரே மூச்சில் கையாளுவது 32 பிட், கோர் 2 டுவோ கையாளுவது 64 பிட். ஐந்து வருஷம் கழித்து, 2011 ஜூலையில் லயன் என்ற மேக் இயங்குதளம் வந்தபோது 64 பிட் ப்ராசஸர் இல்லாதவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அதே ஆண்டில் ஒன்பது மாத வித்தியாசத்தில் வாங்கிய இரண்டு மேக்புக் ப்ரோக்கள், ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. அந்த மூன்று மாதம் தவித்தவர்களுக்குத் தவிப்பு வீண் போகவில்லை.

மூன்றாவது, 2020. மார்ச்சில் இன்டெல் ப்ராசஸரோடு ஒரு மேக்புக் ஏர். ஜூன் 22இல், இனி ப்ராசஸரை நாங்களே செய்யப் போகிறோம், இரண்டு வருஷத்தில் முழுக்க மாறிவிடுவோம் என்ற அறிவிப்பு. நவம்பர் 10இல் அந்தச் சொந்த ப்ராசஸர், எம்1. மார்ச்சில் வாங்கியவர் மேல் குற்றமில்லை, அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் ஜூலையில் இன்டெல் ஏர் வாங்கியவருக்கு, கம்பெனியே தேதி போட்டுச் சொன்ன பிறகு வாங்கியவருக்கு, என்ன சமாதானம் சொல்வது? அந்த 2020 இன்டெல் ஏர் 2024இல் வந்த செக்கோயா என்ற மேக் இயங்குதளத்தோடு நின்றுவிட்டது, 2025இல் வந்த அடுத்த இயங்குதளமான டஹோ அதில் ஏறாது. அதே வருஷம் நவம்பரில் வந்த எம்1 ஏரில் ஏறும்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்குப் பிடி கிடைக்கிறது. ஜி5க்குக் காத்திருந்தவர்கள் யாரும் தேதி சொல்லாத, கடையில் எங்குமே இல்லாத ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள். கோர் 2 டுவோவுக்குக் காத்திருந்தவர்கள் ஏற்கெனவே பிறந்து, அடுத்த கம்பெனி லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றுக்காக. 2020இல் கம்பெனியே ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டது. பொருள் பிறந்திருக்க வேண்டும், அல்லது கம்பெனி வாய் திறந்து தேதி சொல்லியிருக்க வேண்டும். அதோடு மாற்றம் ஜாதியே வேறாக இருக்க வேண்டும், 32 பிட்டிலிருந்து 64 பிட் மாதிரி, இரண்டு கோரிலிருந்து நான்கு மாதிரி. அப்படி இருந்தால் நான் மூன்று மாதம் காத்திருப்பேன், நான்கு மாதமும் காத்திருப்பேன். ஒரு வருஷம் மாட்டேன்.

இப்போது அப்படி ஏதாவது மாற்றம் நடக்கிறதா என்று கேட்பீர்கள். ஏஐ வேலைக்கென்று என்பியூ என்ற தனிப் பகுதியை ப்ராசஸருக்குள் வைக்கிறார்கள். 2024 மேயில் மைக்ரோசாஃப்ட் கோபைலட் பிளஸ் பிசி என்று ஒரு வகை அறிவித்து, அதற்கு என்பியூ வேகம் 40 டாப்ஸ் (நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு), ரேம் 16 ஜிபி என்று வரம்பு வைத்தது. விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறைக் கோடு போட்டது மாதிரி நாளைக்கு இதை வைத்து ஒரு கோடு போடுவார்களா? போடலாம். ஆனால் இன்று எக்செலும் ஜூமும் எடிட்டிங்கும் செய்பவருக்கு அந்தப் பகுதி பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கிறது. விலை ஒன்றாக இருந்தால் என்பியூ உள்ளதை எடுங்கள், அதற்காகக் கூடுதலாகப் பத்தாயிரம் கொடுக்க வேண்டாம். ஆர்ம் என்ற வேறு வகையைச் சேர்ந்த ஸ்னாப்டிராகன் ப்ராசஸர் போட்ட லேப்டாப் பார்க்க அழகாக இருக்கும், பேட்டரியும் நன்றாக நிற்கும். ஆனால் கணக்கு வேலை செய்கிறீர்கள், பழைய பிரிண்டரும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனும் செருக வேண்டிவரும். அவற்றை ஓட்டும் டிரைவர் மென்பொருள் ஆர்ம் ப்ராசஸருக்கு இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

காத்திருத்தலைப் பற்றிப் பேசும்போது திருவண்ணாமலைக்காரர் ஒருவரைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஆடம் ஆஸ்போர்ன். 1939இல் பாங்காக்கில் பிறந்தவர். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியார். அதனால் பையன் வளர்ந்தது அருணாசல மலை அடிவாரத்தில். பிற்பாடு அமெரிக்கா போய் 1981இல் ஆஸ்போர்ன் 1 என்ற கணினியை விற்றார். தூக்கிக்கொண்டு போகிற மாதிரி செய்து, கடையில் நன்றாக விற்ற முதல் கணினி அதுதான் என்று சொல்லலாம். விலை 1,795 டாலர், திரை ஐந்து அங்குலம், எடை ஏறக்குறைய பதினொரு கிலோ. மடியில் வைத்தால் மடி இருக்காது. 1983இல், அடுத்து எக்ஸிகியூட்டிவ் என்று இன்னும் நல்ல மாடல் வருகிறது என்ற பேச்சு வெளியே போனது. அப்படியென்றால் அதையே வாங்கிக்கொள்கிறோம் என்று கடைக்காரர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். பழையது விற்கவில்லை, புதியது சமயத்துக்கு வந்து சேரவில்லை. செப்டம்பரில் கம்பெனி திவால். புதுசு வருகிறது என்று சொன்னதும் கையில் இருப்பது விற்காமல் போவதற்கு ஆஸ்போர்ன் விளைவு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முழு நியாயம் சொல்லவேண்டும் என்றால், ஒன்பது அங்குலத் திரையோடு கேப்ரோவும், ஐபிஎம் மென்பொருளை ஓட்டிய காம்பேக்கும் ஏற்கெனவே அவர் வியாபாரத்தைத் தின்றுகொண்டிருந்தன. பழி முழுக்க ஒரு அறிவிப்பின் மேல் விழுந்துவிட்டது. மனிதர் 2003இல் கொடைக்கானலில் காலமானார்.

லேப்டாப் செய்கிற கம்பெனிகள் அதற்குப் பிறகு வாயைக் கட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்டன. ஆனால் ப்ராசஸர் கம்பெனிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இன்டெலும் ஏஎம்டியும் நேரடியாக விற்பது உங்களுக்கு இல்லை, லேப்டாப் கம்பெனிகளுக்கு. அவர்களையும் பங்கு வாங்குகிறவர்களையும் குஷிப்படுத்த ஒரு வருஷம், இரண்டு வருஷம் முன்பே திட்டத்தை மேடை போட்டுச் சொல்வார்கள். நீங்கள் கேட்ட அந்த "30 சதவீதம்" அப்படி யாரோ யாருக்கோ சொன்னது, காற்றில் வந்து உங்கள் காதில் விழுந்திருக்கிறது. லாஸ் வேகாஸில் ஜனவரியில் நடக்கும் எலக்ட்ரானிக்ஸ் கண்காட்சியில் புது ப்ராசஸரை அறிவிப்பார்கள், முதலில் வருவது ஒன்றரை லட்ச ரூபாய் மாடல்களில். எழுபதாயிரத்துக்கு இறங்கி நம் ஊர்க் கடை அலமாரிக்கு வருவதற்குள் அடுத்த ஜனவரி வந்து, அதற்கடுத்ததை அறிவித்துவிடுவார்கள். அப்போது மறுபடி காத்திருக்கத் தோன்றும்.

எங்கள் தெருமுனை ஸ்டுடியோ அண்ணன் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். 2020 கடைசியில், "இந்த கிராஃபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப் வந்ததும் எடுத்துடறேன்" என்று சொன்னார். உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. தை முகூர்த்தம் போனது, வைகாசி முகூர்த்தம் போனது. ராத்திரி எட்டு மணிக்கு ஆல்பம் வீடியோவை ரெண்டருக்குப் போட்டுவிட்டு, லேப்டாப் அடியில் இரண்டு தீப்பெட்டியை முட்டுக் கொடுத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தூங்கப் போவார். விடிந்து வந்து பார்த்தால் 71 சதவீதத்தில் நின்றிருக்கும். அவர் காத்திருந்த மாடல் கடைசியில் வந்தபோது விலை ஏறியிருந்தது. எலக்ட்ரானிக்ஸ் சாமான் நாள் ஆக ஆக மலிவாகும் என்பது பொதுவாக உண்மைதான், எப்போதும் உண்மை இல்லை. 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் முங்கியதும் டிஸ்க் விலை எகிறியது. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை ஏறியது.

கடைக்குப் போகும்முன் உங்கள் பழைய லேப்டாப்பில் ஒரு காரியம் செய்யுங்கள். வீடியோ ரெண்டர் ஓடும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். சிபியு (ப்ராசஸர்) 100இல் முட்டிக்கொண்டு நிற்கிறதா, மெமரி 7.8 ஜிபியில் நிரம்பி வழிகிறதா, டிஸ்க் 100 சதவீதம் காட்டுகிறதா? எது முட்டுகிறதோ அதற்குத்தான் காசு கொடுக்கப் போகிறீர்கள். ஹார்டு டிஸ்க் மெஷின் என்பதால் சாதாரண நேரத்தில் டிஸ்க் முட்டும், எடிட்டிங்கில் சிபியுவும் ரேமும் சேர்ந்து முட்டும் என்று நினைக்கிறேன். சிபியு 100 காட்டியும் வேகம் 3.1இல் நிற்காமல் ஒன்றரை கிகாஹெர்ட்ஸுக்கு விழுகிறது என்றால் அது சூடு. அடி மூடியைக் கழற்றினால் ஃபேனுக்கும் காப்பர் தகட்டுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி தூசி படிந்திருக்கும், ப்ராசஸர் மேல் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாகப் பொரிந்திருக்கும். என் தங்கை மகன் லேப்டாப்பில் அப்படித்தான் இருந்தது. அதைத் துடைத்துப் புதுப் பேஸ்ட் வைத்த பிறகு வண்டி சத்தமில்லாமல் ஓடியது.

புதிதாக வாங்குவதில் ஜெனரேஷனைவிட நான் பார்ப்பது வேறு. ஒரே ப்ராசஸரைப் போட்ட இரண்டு லேப்டாப் ஒரே வேகத்தில் ஓடாது. முதல் அரை நிமிஷம் இரண்டும் ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி பாயும். பிறகு மெல்லிசான பெட்டி சூட்டைத் தள்ள முடியாமல் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எக்செலுக்கு அந்த அரை நிமிஷம் போதும். ரெண்டர் செய்பவருக்குப் பத்தாவது நிமிஷத்தில் என்ன வேகம் என்பதுதான் கணக்கு. ஆகவே யூ என்று முடியும் சிக்கன ப்ராசஸரைவிட எச் என்று முடிவது, கொஞ்சம் தடிமனான, இரண்டு ஃபேன் உள்ள பெட்டியில். பையில் அரைக் கிலோ கூடும், பரவாயில்லை. ரேம் 16 ஜிபி, அதில் ஒரு ஸ்லாட்டாவது காலியாக இருந்தால் நல்லது. சிலவற்றில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்து வைத்துவிடுகிறார்கள், பிறகு ஏற்றவே முடியாது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான எஸ்எஸ்டி 512 ஜிபி போதும், பழைய ஹார்டு டிஸ்க்கை எழுநூறு எண்ணூறு ரூபாய் வெளிப்புற கேஸில் போட்டுத் திருவிழா வீடியோக்களைச் சேமிக்க வைத்துக்கொள்ளலாம்.

பெயரைப் பார்த்து ஏமாறாமல் இருப்பதும் ஒரு வித்தை. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் முதல் எண் வருஷத்தைத்தான் காட்டும், உள்ளே இருக்கும் சரக்கு எந்தக் காலத்தது என்பது மூன்றாவது எண்ணில் ஒளிந்திருக்கும். ரைசன் 5 7520யூ என்றால் மூன்றாவது எண் 2, அதாவது ஏஎம்டி ஜென் என்று பெயர் வைத்த வடிவமைப்புகளில் ஜென் 2, 2019இல் வந்தது. 7530யூ என்றால் ஜென் 3. 7640எச்எஸ் என்றால் ஜென் 4. மூன்றுக்கும் கடை ஸ்டிக்கரில் "ரைசன் 5, 7000 சீரிஸ்" என்றுதான் போட்டிருக்கும், விற்பவரும் அப்படித்தான் சொல்வார். இன்டெல் மட்டும் சளைத்ததா? 2023 டிசம்பரில் "ஐ"யை எடுத்துவிட்டுக் கோர் அல்ட்ரா என்று புதுப் பெயர் கொண்டுவந்தார்கள். அடுத்த மாதமே "அல்ட்ரா" இல்லாத கோர் 5 120யூவும் வந்தது. அது பதின்மூன்றாம் தலைமுறை ஐ5-1335யூவுக்குப் புதுச் சட்டை மாட்டியது மாதிரி. மோசமான ப்ராசஸர் என்று சொல்லவில்லை. புதுசு என்று நினைத்து அதிக விலை கொடுக்காதீர்கள் என்கிறேன்.

வரப்போகிறது என்ற செய்தியால் உங்களுக்கு ஒரே ஒரு உபயோகம் உண்டு. புது மாடல் கடைக்கு வந்த முதல் இரண்டு மூன்று மாதத்தில் போன மாடலின் ஸ்டாக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். காலேஜ் திறக்கும் ஜூன், ஜூலையிலும், ஆயுத பூஜை, தீபாவளிக்கும் அந்தத் தள்ளுபடி சேர்ந்துகொண்டால், எழுபதாயிரத்துக்கு எண்பத்தைந்தாயிரம் மதிப்புள்ள போன வருஷத்து எச் சீரிஸ் கிடைக்கலாம். அதற்காக ஒன்றிரண்டு மாதம் பொறுப்பதில் தப்பில்லை. ஒரு வருஷம் பொறுக்காதீர்கள்.

வாங்கும்போது பில்லில் "ரைசன் 5 லேப்டாப்" என்று மட்டும் எழுத விடாதீர்கள். ப்ராசஸர் எண், ரேம், சீரியல் நம்பர் மூன்றும் முழுசாக இருக்கட்டும். கடையிலேயே பெட்டியைப் பிரித்து ஆன் செய்து, டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளாதீர்கள், இரண்டாயிரத்துக்கு மேல் தரமாட்டார்கள். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றுங்கள். தங்கை மகன் அப்படிச் செய்து அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டான். அவள் அதில்தான் தினமும் சமையல் வீடியோ பார்க்கிறாள், விண்டோஸ் 11 ஏறாது என்பது அவளுக்குத் தெரியவும் தெரியாது.